வருமுன் அழும் இழவு: அகுஸ்தீனாரின் ‘அறிக்கைகள்’ எட்டாம் பகுதியில் மாற்றம் குறித்த அச்சம் – மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ நம்பிக்கைக்கு வரும் ஒருவர் அறிவளவில் ஐயம் தீர்ந்த பின்னும் வாழ்க்கை மாறிவிடும் என்று அஞ்சித் தயங்குவதை அகுஸ்தீனாரின் ‘அறிக்கைகள்’ எட்டாம் பகுதி விரிவாகப் பதிவு செய்கிறது. அவ்வச்சத்தின் இயல்பையும் அது நீங்கும் முறையையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியர் அச்சத்திற்குக் கூறும் நிலைக்களன்களுள் இவ்வச்சம் முழுமையாக அடங்கவில்லை என்பதும், அழுகைக்கு உரிய ‘இழவு’ என்னும் நிலைக்களனே இங்குக் காலத்தால் முன்தள்ளப்பட்டு அச்சமாகத் தோன்றுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அகுஸ்தீனார், அறிக்கைகள், மனமாற்றம், மெய்ப்பாடு, அச்சம், அழுகை, இழவு.

முன்னுரை

வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்னும் ஊரில் 354ஆம் ஆண்டு பிறந்த அகுஸ்தீனார், ஹிப்போ நகரின் ஆயராக இருந்த காலத்தில், நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, இலத்தீன் மொழியில் ‘கன்ஃபெஸ்ஸியோனெஸ்’ என்னும் நூலை எழுதினார். பதின்மூன்று பகுதிகளைக் கொண்ட அந்நூலின் பெயர் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல், இறைவனைப் புகழ்தல் ஆகிய இரு பொருளையும் தரும். தமிழ்க் கிறித்தவ வழக்கில் ‘அறிக்கையிடுதல்’ என்னும் சொல்லும் ஏறத்தாழ இவ்விரு பொருளிலும் ஆளப்படுவதால் ‘அறிக்கைகள்’ என்னும் பெயரே இங்குக் கொள்ளப்படுகிறது.

இந்நூலின் எட்டாம் பகுதி 386ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் நிகழ்ந்த மனமாற்றத்தோடு முடிகிறது. குழந்தையின் குரல், திறக்கப்பட்ட நூல், படிக்கப்பட்ட சில வரிகள் ஆகியவற்றால் அக்காட்சி பெரும்புகழ் பெற்றது. அப்புகழே ஒரு வகையில் அப்பகுதியை மறைத்துவிட்டது எனலாம். தோட்டத்தின் முடிவுக்கணம் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. பகுதியின் பெரும்பரப்பை நிரப்பியிருப்பது தயக்கமே.

வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட சமய அனுபவம் பற்றிய விரிவுரைகளில் அகுஸ்தீனாரைப் பிளவுண்ட தன்னிலைக்குச் சான்றாகக் காட்டினார். ஏ. டி. நாக் 1933இல் வெளியிட்ட நூலில், பழைய வழிபாட்டோடு புதியதையும் சேர்த்துக்கொள்ளுதல் வேறு, பழையது தவறு என்று உணர்ந்து முற்றிலும் திரும்புதல் வேறு எனப் பிரித்துக் காட்டினார். பியர் கூர்செல் 1950இல் தோட்டக் காட்சியின் வரலாற்று உண்மையையே வினாவுக்கு உட்படுத்தினார். இவை மூன்றும் இன்றியமையாத வாசிப்புகள். ஆயினும் மனமாற்றத்தின் அமைப்பு, வகை, உண்மைத்தன்மை ஆகியவற்றில் அவை செலுத்திய கருத்து, ‘அஞ்சப்பட்டது எது’ என்னும் எளிய வினாவை ஓரத்தில் நிறுத்திவிட்டது. அவ்வினாவுக்கு மெய்ப்பாட்டியல் நேரான கருவி ஒன்றைத் தருகிறது. ஓர் உணர்வைப் பெயரிடுவதோடு நில்லாமல் அது எதன்கண் பிறக்கிறது என்று கேட்பது தொல்காப்பியரின் முறை.

ஐயம் தீர்ந்த பின் எஞ்சுவது

ஏழாம் பகுதியின் முடிவிலேயே அகுஸ்தீனாரின் அறிவுச் சிக்கல்கள் தீர்ந்துவிடுகின்றன. ஒன்பதாண்டுக் காலம் மானிக்கேயக் கொள்கையின் கேட்போராக இருந்தவர் அவர். தீமை என்பது நன்மையை எதிர்க்கும் தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைபாடே என்னும் தெளிவைப் பிளேட்டோ வழியினரின் நூல்களால் பெறுகிறார். எட்டாம் பகுதியின் தொடக்கத்தில் தமக்கு வேண்டுவது இறைவனைப் பற்றிய கூடுதல் உறுதி அன்று, இறைவனிடத்தில் நிலைத்து நிற்கும் உறுதியே என்று கூறுகிறார்.

இது சிறிய குறிப்பன்று. நம்பிக்கைக்கு வருவோரின் தயக்கத்தை ஐயத்தின் எச்சமாகக் கருதி, இன்னும் சில சான்றுகளை அடுக்கினால் அது நீங்கும் என்று எண்ணுவது சமய உரையாடல்களில் மிகப் பழைய பழக்கம். ‘அறிக்கைகள்’ அந்த எண்ணத்தை மறுக்கிறது. சான்று முழுமையடைந்த இடத்தில்தான் அச்சம் தன் முழு உருவத்தைக் காட்டுகிறது. உண்மை இன்னது என்று உறுதிப்படாத வரை மாறாதிருப்பதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஐயம் தீர்ந்ததும் அந்நியாயம் போய்விடுகிறது. மாற விரும்பாமை மட்டும் மறைப்பின்றி நிற்கிறது.

அந்நிலையை விளக்க அகுஸ்தீனார் தரும் உவமை உறக்கம். எழ வேண்டும் என்று அறிந்தும் எழ மனமின்றி, இன்னும் சிறிது நேரம் என்று சொல்லிச் சொல்லிப் புரண்டு படுப்பவனின் நிலை தம்முடையது என்கிறார். அச்சிறிது நேரத்திற்கு எல்லையே இல்லை. இளமையில் தூய்மையை வேண்டி மன்றாடியபோதும், அதை உடனே தந்துவிட வேண்டா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டதாக எழுதும் புகழ்பெற்ற இடமும் இங்கேதான் வருகிறது. அதற்கு அவர் கூறும் காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது: இறைவன் தம் மன்றாட்டை விரைவில் கேட்டுவிடுவாரோ என்று அவர் அஞ்சினார். மறுக்கப்படுமோ என்று அஞ்சி மன்றாடுவோர் உண்டு. கிடைத்துவிடுமோ என்று அஞ்சி மன்றாடும் நிலை வேறானது.

அச்சத்தின் நிலைக்களன்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடு ஒவ்வொன்றற்கும் நான்கு நிலைக்களன் கூறுகிறார். அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கன்கண் பிறப்பது. இவை நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே உள்ளவை, அவனினும் வலியவை. அஞ்சுவோன் அவற்றினின்று விலகி ஓட இயலும். ஓட இயலாவிடின் நடுங்க இயலும்.

எட்டாம் பகுதியில் இப்பட்டியலுக்குள் அடங்கும் அச்சம் ஒன்று உண்டு. அது அகுஸ்தீனாருடையதன்று, விக்டோரினுஸ் என்பவருடையது. அம்புரோசியாருக்கு ஆன்மிகத் தந்தையாக விளங்கிய சிம்பிளிசியானுஸ் இவரது கதையை அகுஸ்தீனாருக்குச் சொல்கிறார். விக்டோரினுஸ் உரோமை நகரின் சொற்கலை ஆசிரியர். பிளேட்டோ வழியினரின் நூல்களை இலத்தீனில் பெயர்த்தவர். தம் புலமைக்காகப் பொதுமன்றத்தில் சிலை வைக்கப்பெற்றவர். முதுமையில் மறைநூலைக் கற்றுத் தெளிந்த அவர், தாம் கிறித்தவர் ஆகிவிட்டதாகச் சிம்பிளிசியானுசிடம் தனிமையில் கூறுவார். கோவிலுக்குள் காணும் வரை அதை ஏற்க இயலாது என்பார் சிம்பிளிசியானுஸ். சுவர்களா ஒருவனைக் கிறித்தவன் ஆக்குகின்றன என்று எள்ளலாக மறுவினா எழுப்புவார் விக்டோரினுஸ். அந்த எள்ளலுக்குப் பின்னால் இருந்தது பழைய தெய்வங்களை வழிபட்ட உயர்குடி நண்பர்களின் பகை குறித்த அச்சம் என்று நூல் வெளிப்படையாகவே கூறுகிறது.

தொல்காப்பியர் பெருமிதத்திற்குக் கூறும் நான்கு நிலைக்களன்களுள் கல்வியும் இசைமையும் அடங்கும். விக்டோரினுசுக்குப் பெருமிதம் தந்த அவ்விரண்டுமே அச்சத்தையும் தந்தன. சிலை இல்லாதவனுக்குச் சிலை சரியும் என்னும் கவலை இல்லை. அவரது அச்சம் நீங்கிய முறையும் தெளிவானது. மனிதர்முன் கிறித்துவை அறிக்கையிட நாணினால் வானதூதர்முன் கிறித்து தம்மை மறுப்பாரே என்ற அச்சம், நண்பர் குறித்த அச்சத்தை விஞ்சுகிறது. ‘தம் இறை’யின்கண் பிறந்த பேரச்சம் சிற்றச்சத்தை விழுங்கிவிடுகிறது. அறிக்கையிடும் நாளில், கூச்சமுடையோர்க்கு வழக்கமாக அளிக்கப்படும் தனிமைச் சலுகையைக் குருக்கள் அவருக்கும் அளிக்க, அவர் அதை மறுத்து மேடையேறி மக்கள் முன் அறிக்கையிடுகிறார்.

அவர் அஞ்சியது பொய்யச்சம் என்று நூல் கூறவில்லை என்பதையும் சுட்ட வேண்டும். 362இல் யூலியன் பேரரசர் கிறித்தவர்கள் இலக்கியமும் சொற்கலையும் கற்பிக்கலாகாது என்று ஆணையிட்டபோது விக்டோரினுஸ் தம் பள்ளியைத் துறந்தார். இழப்பு உண்மையாகவே வந்தது. மாறினால் ஒன்றும் ஆகாது என்று அஞ்சுவோர்க்குச் சொல்லும் ஆறுதல் நேர்மையானதன்று என்பதை இக்கதை உடன்கொண்டிருக்கிறது.

அகுஸ்தீனாரின் அச்சமோ இவ்வழியில் தீரவில்லை. விக்டோரினுசைப் போல் ஆக வேண்டும் என்று அவர் உள்ளம் எரிகிறது, ஆனால் எழவில்லை. அவரை அச்சுறுத்துவோர் எவரும் இல்லை. தாய் மோனிக்கா அவரது மனமாற்றத்திற்காக ஆண்டுக்கணக்கில் மன்றாடியவர். நண்பர் அலிப்பியுஸ் உடன்வர அணியமாக இருப்பவர். பேரரசு கிறித்தவப் பேரரசு. அணங்கும் விலங்கும் கள்வரும் இல்லாத இடத்தில் அவர் நடுங்குகிறார். தம்மைக் கட்டியது பிறர் பூட்டிய இரும்பன்று, தம் விருப்பமாகிய இரும்பே என்கிறார். கோணிய விருப்பத்திலிருந்து வேட்கை, வேட்கையிலிருந்து பழக்கம், பழக்கத்திலிருந்து தவிர்க்க முடியாமை எனக் கண்ணி கண்ணியாகக் கோக்கப்பட்ட சங்கிலி அது. பழக்கத்தின் ஓட்டம் தடைப்படுவதை அவர் உள்ளம் சாவைப் போல் அஞ்சியது.

இங்கு மெய்ப்பாட்டியலில் வேறொரு நூற்பாவை நாட வேண்டியுள்ளது. அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன் இளிவு, இழவு, அசைவு, வறுமை. இவற்றுள் இழவு என்பது உரியவரையோ உரிய பொருளையோ இழத்தல். இழந்தபின் பிறப்பது அழுகை. அகுஸ்தீனாரிடத்தில் இழப்பு இன்னும் நிகழவில்லை. நிகழ்ந்துவிட்டால் என்னாகும் என்று அவர் முன்கூட்டியே காண்கிறார். அழுகைக்கு உரிய நிலைக்களன் காலத்தால் முன்னே இழுக்கப்பட்டபோது அச்சமாகப் பிறக்கிறது. தோட்டத்தில் பழைய இன்பங்கள் அவரது உடலாகிய ஆடையைப் பின்னிருந்து பற்றி இழுத்து, எங்களை அனுப்பிவிடப் போகிறாயா, இனி என்றென்றும் நாங்கள் உன்னோடு இருக்க மாட்டோமே என்று முணுமுணுப்பதாக வரும் உருவகம் பிரிவின் மொழியில் அமைந்தது. அவை அவரை மிரட்டவில்லை. விடைபெறுவோரின் குரலில் பேசுகின்றன. இவை இல்லாமல் உன்னால் வாழ முடியுமா என்று பழக்கம் கேட்கும் வினாவும் இறப்பு வீட்டில் எழும் வினாவே.

மெய்யின்கண் படுதல்

மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு மெய்யின்கண் புலப்படுதல். தோட்டக் காட்சி இவ்வரையறைக்கு எழுதப்பட்ட எடுத்துக்காட்டுப் போன்றது. அகுஸ்தீனார் தலைமயிரைப் பிய்க்கிறார், நெற்றியில் அறைகிறார், விரல்களைக் கோத்து முழந்தாளைப் பற்றிக்கொள்கிறார். பின் அச்செயல்களையே சான்றாக வைத்து ஓர் ஆய்வில் இறங்குகிறார். உள்ளம் ஏவியதும் கை அசைந்தது. ஏவலுக்கும் செயலுக்கும் இடையே இடைவெளி காண்பதே அரிது. ஆனால் உள்ளம் தன்னையே ஏவியபோது பணியவில்லை. உடல் உள்ளத்துக்குப் பணிய, உள்ளம் உள்ளத்துக்குப் பணியாத இப்புதிர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். இரு விருப்பங்கள் மோதுவதால் ஒருவனுள் இரு இயற்கைகள் உள்ளன என்னும் மானிக்கேய விடையை மறுத்து, அரைகுறையாக விரும்பியவனும் அரைகுறையாக மறுத்தவனும் தாம் ஒருவரே என்கிறார்.

துன்பத்தின் உச்சியில் ஒருவர் இலக்கணம் பேசுவது செயற்கை என்று தோன்றலாம். இந்நூல் நிகழ்ச்சிக்குப் பத்தாண்டுக்கு மேல் கழித்து, நிகழ்ந்ததன் பொருளைத் தேடி எழுதப்பட்டது என்பதை மறவாதிருந்தால் அத்தடை எழாது. 386இன் இறுதியில் கசிசியாகும் என்னும் இடத்தில் அவர் இயற்றிய உரையாடல் நூல்களில் இத்தோட்டக் காட்சி இவ்வடிவில் இல்லை என்பதும் ஆய்வாளர் அறிந்ததே. அந்நூல்களில் மெய்யியல் நாட்டமும் மார்பு நோயும் முன்னிற்கின்றன. அச்சத்தின் உடற்குறிகள் பின்னாளைய எழுத்தில்தான் இடம்பெறுகின்றன. அஞ்சிய காலத்தில் அச்சத்தை எழுத இயலாமை இயல்பானது.

அச்சம் உடைவது எந்த இடத்தில்? மறைநூல் வரிகளைப் படித்த இடத்தில் என்பது வழக்கமான விடை. நூலின் வரிசை அவ்வாறு இல்லை. வரிகளைப் படிப்பதற்கு முன்பே அவர் அலிப்பியுசை விட்டு அகன்று ஓர் அத்திமரத்தடியில் வீழ்ந்து அடக்கமின்றி அழுகிறார். அச்சம் அழுகையாக மாறிய பின்னரே குழந்தைக் குரல் கேட்கிறது. முன்கூட்டியே அஞ்சப்பட்ட இழவு இங்கு உண்மை இழவாக ஏற்கப்பட்டு, தன் இயல்பான மெய்ப்பாட்டைப் பெறுகிறது. உரோமையர் திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகார வரிகள் இந்த அழுகைக்குப் பின் வருகின்றன. அவை போரை முடித்தன என்பதைவிட, முடிந்த போரில் அவருக்கு நிற்க இடம் தந்தன என்பதே பொருந்தும்.

கதை தொற்றும் முறை

அழுகை வரை அவரைக் கொண்டுவந்தது எது என்பது அடுத்த வினா. அதற்கு விடையாக நிற்பவை கதைகளே. எட்டாம் பகுதி கதைக்குள் கதையாக அமைந்தது. விக்டோரினுஸ் கதைக்குப் பின் அரண்மனை அலுவலர் பொன்டிசியானுஸ் வருகிறார். விளையாட்டு மேசைமேல் பவுலின் நூலைக் கண்டு வியக்கிறார். பேச்சு எகிப்திய வனத்து அந்தோனியாரைப் பற்றித் திரும்புகிறது. பின் ட்ரியர் நகரில் நடந்ததைச் சொல்கிறார். பேரரசர் ஓட்டப்பந்தயக் காட்சியில் இருந்த பிற்பகலில் அலுவலர் நால்வர் மதிலை ஒட்டிய தோட்டங்களில் இருவர் இருவராகப் பிரிந்து உலாவினர். அவருள் இருவர் ஒரு குடிலில் அந்தோனியாரின் வாழ்க்கை வரலாற்றைக் கண்டெடுத்தனர். படித்த மாத்திரத்தில் ஒருவர் பணியைத் துறக்க முடிவு செய்தார். மற்றவர் உடன் நின்றார்.

இக்கதையில் எளிதில் கவனிக்காமல் விடப்படும் ஒரு செய்தி உண்டு. பொன்டிசியானுஸ் அந்நால்வருள் ஒருவர். ஆனால் துறந்த இருவருள் அவர் இல்லை. அவரும் உடனிருந்தவரும் தங்கள் நிலைக்கு இரங்கி அழுதுவிட்டு அரண்மனைக்கே திரும்பினர். அவர் அப்போதே நம்பிக்கையாளர். ஆயினும் அந்த மாற்றத்தின் முன் நின்றுவிட்டவர். அகுஸ்தீனாரை உலுக்கிய கதையைச் சொன்னவர் அக்கதையால் தாம் மாறாதவர். மாற்றத்தின் அச்சத்தை வென்றவரே பிறரது அச்சத்தைப் போக்க இயலும் என்னும் எண்ணத்துக்கு நூல் இங்கு இடந்தரவில்லை.

புலனடக்கம் பெண்ணுருவில் தோன்றும் இடத்தில் இக்கதைத்தொடர் உச்சம் அடைகிறது. அவள் வாதிடுவதில்லை. சிறுவர், சிறுமியர், இளையோர், கைம்பெண்கள், முதிய கன்னியர் எனப் பலரைத் தன்னைச் சூழ நிறுத்தி, இவர்களால் இயன்றது உன்னால் இயலாதா என்று புன்னகையோடு கேட்கிறாள். இவை இல்லாமல் வாழ முடியுமா என்ற பழக்கத்தின் வினாவுக்கு, அவ்வாறு வாழ்வோரின் முகங்களே விடை. அஞ்சுவோன் தன் எதிர்காலத்தை வெறுமையாகக் காண்கிறான். எடுத்துக்காட்டுகள் அவ்வெறுமையில் மனிதரைக் குடியேற்றுகின்றன.

அச்சம் அறவே அற்றுவிடவும் இல்லை. ஒன்பதாம் பகுதியில் அவர் தம் சொற்கலைப் பணியை உடனே துறக்காமல் திராட்சை அறுவடை விடுமுறை வரை ஏறத்தாழ இருபது நாள் காத்திருக்கிறார். ஆரவாரமின்றி விலகியதற்கு அவர் தரும் விளக்கங்கள் சற்று மிகையாகவே உள்ளன. 387ஆம் ஆண்டு பாஸ்காப் பெருவிழாவில் அம்புரோசியார் கையால் திருமுழுக்குப் பெற்றபின் கடந்த வாழ்வு பற்றிய கவலை அகன்றது என்கிறார். பத்தாம் பகுதியிலோ, பழைய காட்சிகள் கனவில் இன்னும் வருவதை ஆயரான நிலையிலும் ஒப்புக்கொள்கிறார்.

விடுபட்ட எடுத்துக்காட்டு

ட்ரியர் கதையின் இறுதியில் ஒரு வாக்கியம் வருகிறது. துறவு பூண்ட அலுவலர் இருவருக்கும் மணம் பேசிய பெண்கள் இருந்தனர். செய்தி கேட்டு அவர்களும் தம் கன்னிமையை இறைவனுக்கு ஒப்புக்கொடுத்தனர். அவ்வளவே. அப்பெண்கள் அஞ்சினார்களா, அழுதார்களா, அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆண்களின் தயக்கத்துக்குப் பக்கங்களை ஒதுக்கும் நூல், பெண்களின் மாற்றத்தை ஆண்களின் மாற்றத்திற்குப் பின்விளைவாகக் கூறி நகர்ந்துவிடுகிறது. மாற்றத்தின் இழப்பை மாறுவோர் மட்டும் சுமப்பதில்லை என்பதை இந்த ஒற்றை வாக்கியம் அறியாமலே ஒப்புக்கொள்கிறது.

இதனினும் அழுத்தமான இடம் ஆறாம் பகுதியில் உள்ளது. அகுஸ்தீனாரோடு பல்லாண்டு வாழ்ந்து அதெயோதாத்துஸ் என்னும் மகனைப் பெற்ற பெண், அவருக்குத் தகுதியான மணம் ஏற்பாடானபோது தடையாகக் கருதப்பட்டு அவரிடமிருந்து பிரிக்கப்படுகிறார். மகனைத் தந்தையிடம் விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் திரும்புகிறார். இனி எந்த ஆணையும் அறிவதில்லை என்று இறைவன்முன் பொருத்தனை செய்துகொண்டு செல்கிறார். பேசப்பட்ட பெண் மணவயதை எட்ட இரண்டாண்டு இருந்தது. அதுவரை பொறுக்காமல் அகுஸ்தீனார் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொள்கிறார். தாம் ஒரு பெண்ணைப் பின்பற்றவும் இயலாதவராக இருந்ததாக அங்கு எழுதுகிறார்.

எட்டாம் பகுதியில் அவர் அஞ்சி நடுங்கிய மாற்றத்தின் மையம் புலனடக்கமே. அதை அப்பெண் தோட்ட நிகழ்ச்சிக்கு முன்பே, அந்தோனியாரின் வரலாறோ குழந்தையின் குரலோ துணையின்றி, இழவு உண்மையாகவே வந்த நாளில் ஏற்றுக்கொண்டார். இவர்களால் இயன்றது உன்னால் இயலாதா என்னும் புலனடக்கத்தின் வினாவில், ஒரு பெண்ணைப் பின்பற்ற இயலவில்லை என்ற ஆறாம் பகுதியின் ஒப்புதல் எதிரொலிக்கிறது. எடுத்துக்காட்டுகளின் தொடரை விக்டோரினுசிலிருந்து தொடங்குவது ஆய்வு வழக்கம். நூலின் சான்றுப்படி அத்தொடர் அவரிலிருந்து தொடங்கவில்லை. தோட்டத்தில் திரண்ட கூட்டத்தில் கைம்பெண்களும் கன்னியரும் இருந்தனர். அவ்விரு பெயருக்கும் உரியவராகாத அப்பெண் அக்கூட்டத்தில் குறிக்கப்படவில்லை. அவர் பெயரை நூல் எங்கும் கூறவுமில்லை.